எஸ்கியூஎல்ஆல்கெமி வழியாக முழு வரிசையையும் (ரோ) போஸ்ட்ஜிஸ் செயற்கூற்றுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி:
மழைமானிகளின் எண், பெயர், நிறுவிய ஆண்டு, இடம் ஆகியவற்றை ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணையில் வைத்திருக்கிறேன். இடத் தரவுகளுக்குப் போஸ்ட்ஜிஸ் நீட்சியையும், பைத்தானிலிருந்து தரவுத்தளத்தை அணுக எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகத்தையும் பயன்படுத்துகிறேன். இடத் தரவை ஜியோஜேசன் என்ற உரை வடிவில் தரும் எஸ்டி_ஆஸ்ஜியோஜேசன் செயற்கூற்றுக்கு இடம் என்ற நெடுவரிசையை மட்டும் கொடுத்தால் வெறும் வடிவம்தான் கிடைக்கிறது; எனக்குப் பெயரும் ஆண்டும் பண்புகளாகச் சேர்ந்த முழு ஃபீச்சர் வேண்டும். போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் அட்டவணைக்கு ம என்று மாற்றுப்பெயர் இட்டு, அந்த ம-வையே செயற்கூற்றுக்குள் கொடுத்தால் சரியாக வருகிறது. இதையே பைத்தானில் எப்படி எழுதுவது? நெடுவரிசைகளை ரோ() என்பதற்குள் அடுக்கிப் பார்த்தேன்; பண்புகளின் பெயர்கள் எஃப்1, எஃப்2 என்று மாறிவிட்டன.

மறுமொழி 1:
ரோ() உருவாக்குவது பெயரற்ற வரிசை என்பதால் போஸ்ட்கிரெஸ் தானாகவே அப்படிப் பெயரிடுகிறது. அந்த வழியை விட்டுவிடுங்கள். வரிசையை ஏற்கும் வடிவம் போஸ்ட்ஜிஸ் 3.0-இல்தான் வந்தது என்பதால் முதலில் உங்கள் பதிப்பைப் பாருங்கள். எஸ்கியூஎல்ஆல்கெமி 1.4 முதல் அட்டவணை, மாற்றுப்பெயர், துணைவினவல் ஆகிய எல்லாவற்றுக்கும், முழு வரிசையையும் ஒரே மதிப்பாகக் குறிக்கும் டேபிள்_வேல்யூட்() என்ற வசதி உண்டு. மாடல் வகுப்பின் அட்டவணைக்கு மாற்றுப்பெயர் இட்டு, அதன்மேல் இதை அழைத்து, கிடைப்பதைச் செயற்கூற்றுக்குள் கொடுத்தால், நீங்கள் கையால் எழுதிய அதே வினவல் உருவாகும். ஃப்ரம் பகுதியும் தானாகச் சேர்ந்துவிடும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் லிட்டரல்_காலம் கொண்டு மாற்றுப்பெயரை அப்படியே எழுதுவார்கள், ஆனால் அது எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்பது நூலகத்துக்குத் தெரியாததால் செலக்ட்_ஃப்ரம்-ஐயும் நாமே எழுத வேண்டும்.

மறுமொழி 2:
முழு அட்டவணையையும் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளை யாராவது உள்குறிப்புக்கென ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் அதுவும் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். தேவையான நெடுவரிசைகளை மட்டும் துணைவினவலில் தேர்ந்தெடுத்து, அந்தத் துணைவினவலின்மேல் டேபிள்_வேல்யூட்() அழையுங்கள். பெயர்கள் மாறாமல் இருக்கும். ஆயத்தொலைவுகளை இந்தச் செயற்கூறு தானாக 4326-க்கு (அட்சரேகை, தீர்க்கரேகை முறையின் குறியெண்) மாற்றித் தராது என்பதால், அந்த மாற்றத்தைச் செய்யும் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம்-ஐயும் துணைவினவலிலேயே முடித்துவிடலாம். வரைபட ஓடுகளை (இணைய வரைபடத்தின் சிறு சதுரத் துண்டுகள்) உருவாக்கும் எஸ்டி_ஆஸ்எம்விடி-க்கும் வரிசையை இதே முறையில் அனுப்பலாம், ஆனால் அது வரிசைகளைத் திரட்டும் செயற்கூறு. இன்னொன்று: மாற்றுப்பெயரும் ஏதாவது ஒரு நெடுவரிசையின் பெயரும் ஒன்றாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் நெடுவரிசையைத்தான் எடுத்துக்கொள்ளும். இதில் நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

கேட்டவர்:
துணைவினவல் வழி வேலை செய்கிறது, மிக்க நன்றி. ஆனால் ஜேசன்_ஆக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் திரட்டும்போது ஒவ்வொரு ஃபீச்சரும் மேற்கோள்குறிக்குள், இடையிடையே பின்சாய்கோடுகளோடு வருகிறது.

மறுமொழி 2:
எஸ்டி_ஆஸ்ஜியோஜேசன் திருப்பித் தருவது டெக்ஸ்ட் வகை. ஜேசன்_ஆக் அதை வெறும் சரமாகவே எண்ணி மேற்கோளிடுகிறது. திரட்டும் முன் காஸ்ட் கொண்டு ஜேசன் வகைக்கு மாற்றுங்கள். அதன்பின் எஞ்சினில் எக்கோவை இயக்கி, உருவாகும் வினவலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
மாற்றினேன், பின்சாய்கோடுகள் போய்விட்டன.