புதுப்பிப்பு: அப்பாவின் கால் எரிச்சலும் வைட்டமின் பி12-உம்

அப்பாவுக்கு உள்ளங்கால் எரிகிறது, கிளினிக்கிலோ வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து அதே மாத்திரையை எழுதி அனுப்புகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பி12 பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அளவு குறைவாகத்தான் இருந்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுத்தால் இப்படிக் குறையலாமாம். ஊசி தொடங்கியாச்சு.

புதிதாக வந்த டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். கட்டைவிரலடியில் தொட்டது அப்பாவுக்குத் தெரியவே இல்லை. எனக்குப் பகீரென்றது. சில நிமிட வேலை, மெஷின் எதுவும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறையாவது இதைச் செய்தே ஆகவேண்டும். செய்யவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

எரிச்சலுக்குச் சர்க்கரை, பி12 இரண்டுமே காரணமாக இருக்கலாம் என்கிறார். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியவில்லை, அப்பாடா. விழித்திரைப் பரிசோதனை இன்னும் பாக்கி.