யுகே ரூம் அட்வான்ஸ் 900 பவுண்டு, ஓனர் தர மாட்டேன் என்கிறார். அவசரம்

அரவேணு மலர்:
வணக்கம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நான் யுகே போய் எட்டு மாதம் ஆகிறது, முதியோர் இல்லத்தில் வேலை. தங்கை கல்யாணத்துக்காக இப்போது கோத்தகிரி வந்திருக்கிறேன். கிளம்பும் முன் ரூமைக் காலி செய்து, சாமான்களை ஒரு தோழி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று ஓனர் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பி, சுவரெல்லாம் பூசணம், மெத்தையில் கறை, அட்வான்ஸ் 900 பவுண்டையும் பிடித்துக்கொண்டேன், இனி கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பணம் அப்பா கொடுத்தது. தேயிலை விற்ற காசும் அம்மா வளையலை அடகு வைத்த காசும் சேர்த்து, நான் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே ஓனரின் மச்சான் கணக்கில் இங்கேயே ரூபாயாகப் போட்டார். ஓனரும் நம் மலைக்காரர்தான், அந்த நம்பிக்கையில் கொடுத்தோம். வீட்டில் பந்தக்கால் நட்டாயிற்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

குன்னூர் ரயிலடி:
மலர், முதலில் தைரியமாக இரு. 2009இல் நான் லண்டன் போனபோது ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரே ரூமில் ஆறு பேர். ராத்திரி ஷிப்டுக்குப் போனவன் மெத்தையில் பகல் ஷிப்ட்காரன் படுப்பான், மெத்தை ஆறவே ஆறாது. மீட்டரில் காசு போட்டால்தான் ஹீட்டர் ஓடும், மாதக் கடைசியில் யாரிடமும் காசு இருக்காது, கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குவோம். குன்னூர்ப் பனியில் வளர்ந்தவனுக்கே அந்தக் குளிர் தாங்கவில்லை, ஏனென்றால் இங்கே பத்து மணிக்காவது வெயில் முகம் காட்டும், அங்கே அதுவும் இல்லை. நான் கொடுத்த 300 பவுண்டு இன்றுவரை வரவில்லை, நானும் கேட்கவில்லை. விட்டுவிடு அம்மா. கல்யாணத்தைப் பார், உடம்பைப் பார்.

பூம்பாறை:
நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். இங்கே சேதாரத்துக்கு என்று டெபாசிட் வாங்கவே கூடாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம், அதற்கும் வருடா வருடம் வட்டி தர வேண்டும். உன் ஓனர் செய்தது முழுக்கத் தப்பு. நேரே தீர்ப்பாயத்துக்குப் போ.

ஊட்டி ரோஸ்:
பூம்பாறை, அவள் இருப்பது யுகே, கனடா சட்டத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? மலர், நான் செய்ததைச் சொல்கிறேன். கடைசி மாத வாடகையைக் கொடுக்கவே இல்லை, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படிச் செய்திருக்கலாம்.

கூடலூர்க்காரன்:
காலி செய்துவிட்டு வந்தவளிடம் இந்த யோசனை எதற்கு அக்கா? அதுவும் ஆபத்தான யோசனை. வாடகை பாக்கி என்று ஓனர் திருப்பிக் கேட்பார், அடுத்த வீட்டுக்காரர் ரெபரன்ஸ் கேட்டால் கெடுத்துவிடுவார். எனக்குப் பயமெல்லாம் விசாவை நினைத்துத்தான். மலர் வேலை விசாவில் போயிருக்கிறாள். கோர்ட், கேஸ் என்று பேர் வந்தால் விசா நீட்டிக்கும்போது இடைஞ்சல் வராதா? ஊர்ப் பெரியவர்களை வைத்து அந்த மச்சானிடம் பேசி, கிடைத்ததை வாங்கிக்கொள்.

கொடை மழை:
விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தன் பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் வழக்குப் போடுவது குற்றம் ஆகாது, விசாவும் அதனால் போகாது. இந்தப் பயம் நம்மிடம் இருக்கிறது என்று தெரிந்துதான் இப்படிப் பிடித்து வைக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. அப்புறம் பூசணம். கொடைக்கானலில் ஐப்பசி கார்த்திகை மழையில் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவைகூடப் பூத்துவிடும். என் பாட்டி கரியடுப்பு மேல் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் துணி காயவைப்பார். ஈரம் எதனால் வருகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? சுவர் கசிந்தால், ஜன்னல் திறக்காவிட்டால், ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பூசணம் வரத்தான் செய்யும். வாடகைக்கு இருந்தவள் துணி காயப்போட்டதால் வந்தது என்று அவர் சொன்னால், அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

குன்னூர் ரயிலடி:
நம்மூர்க்காரர் என்று நம்புவதுதான் முதல் தப்பு. வெள்ளைக்காரரிடம் ரூம் எடுத்திருந்தால் ரசீதாவது இருந்திருக்கும்.

ஊட்டி ரோஸ்:
ஊர்க்காரர் எல்லாரும் அப்படி இல்லை. எனக்கு முதல் மாதம் சோறு போட்டது ஒரு மஞ்சூர்க் குடும்பம். ஆனால் இங்கே ஊட்டியிலேயே நிலைமை என்ன? சீசன் வந்தால் டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று காலி செய்யச் சொல்கிறார்கள், பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று அட்வான்ஸில் பாதியைக் கழிக்கிறார்கள். என் தம்பி வீட்டில் போன வருடம் இதே கதை.

பூம்பாறை:
தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம் இருக்கிறது அக்கா. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். யார் கேட்கிறார்கள்? பத்து மாத அட்வான்ஸ்தான் இன்னும் ஓடுகிறது.

வெலிங்டன் அக்கா:
சரி, எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுதியிருக்கிறாள், நாம் ஊட்டி வாடகை பேசிக்கொண்டிருக்கிறோம். மலர், நான் பர்மிங்ஹாமில் பதினோரு வருடம் இருந்து போன தை மாதம் ஊர் திரும்பினேன். அதில் மூன்று வருடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்தேன். நீ முக்கியமானதை எல்லாம் விட்டுவிட்டாய். எந்த ஊர், இங்கிலாந்தா ஸ்காட்லாந்தா? ஸ்காட்லாந்து என்றால் காலி செய்த 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதனால்தான் கேட்கிறேன். ஓனர் அதே வீட்டில் குடியிருந்தாரா? உன்னோடு ஒரே அடுப்படி, ஒரே குளியலறை என்று அவரும் அங்கே வாழ்ந்தால் நீ லாட்ஜர், டெபாசிட் பாதுகாப்புச் சட்டம் உனக்கு வராது, சாதாரணக் கைமாற்றைக் கேட்பதுபோலத்தான் கேட்க முடியும். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, வாடகை எவ்வளவு, எப்போது காலி செய்தாய்?

அரவேணு மலர்:
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஊர் லெஸ்டர். ஓனர் எங்களோடு இல்லை, மூன்று தெரு தள்ளி அவர் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு ரூம். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மாதம் 600 பவுண்டு, என் பேங்க்கிலிருந்து அனுப்புவேன். காலி செய்து ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் பன்னிரண்டு நாளில் திரும்பிப் போகிறேன்.

வெலிங்டன் அக்கா:
இது நீ நினைப்பதைவிட நல்ல நிலைமை. எழுத்தில் இல்லை என்பதற்காக உரிமை போகாது, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், மாதா மாதம் நீ அனுப்பிய வாடகை அதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் 6 முதல், இப்படி வாங்கும் டெபாசிட்டை ஓனர் தன் பணமாக வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மூன்று அமைப்புகளில் ஒன்றில் 30 நாளுக்குள் பதிந்து, எங்கே பதிந்தேன் என்று உனக்கு எழுத்தில் தர வேண்டும். டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம், இந்த மூன்றுதான். மூன்றின் தளத்திலும் அந்த வீட்டு அஞ்சல் குறியீடு, உன் சர்நேம், குடிபோன தேதி, தொகை இவற்றைப் போட்டு இன்றைக்கே தேடு. நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக ஏறியிருக்கும், ஓனர் உன் பெயரைப் போட்டிருப்பார். அதனால் இரண்டு பெயரிலும் தேடு.

எங்காவது பதிந்திருந்தால் கோர்ட்டே வேண்டாம். அந்த அமைப்பே இலவசமாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும், காலி செய்து 3 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். எதிலும் இல்லையென்றால் நீ கவுன்டி கோர்ட்டுக்குப் போகலாம். டெபாசிட்டைத் தரச் சொல்வதோடு, அதில் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை ஓனர் உனக்குத் தர வேண்டும் என்று உத்தரவிடும், எத்தனை மடங்கு என்பது நீதிபதி கையில். 6 வருடம் வரை நேரம் உண்டு. பயந்துபோய் இப்போது அவர் அவசரமாகப் பதிந்தாலும் 30 நாள் தவறியது தவறியதுதான்.

அப்புறம் தொகையே தப்பு. 2019 ஜூன் முதல் 5 வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. உன் வாடகை வருடத்துக்கு 7200, வாரத்துக்கு 138 சொச்சம், 5 வாரத்துக்கு 692. மீதி 208 பவுண்டை எந்தப் பூசணத்தைக் காட்டியும் அவர் வைத்துக்கொள்ள முடியாது. ஐந்து பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாரே, அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று லெஸ்டர் நகராட்சியின் பதிவேட்டிலும் பார்.

கூடலூர்க்காரன்:
அக்கா, எல்லாம் சரி, பணம் ரூபாயாக மச்சான் கணக்குக்கு அல்லவா போயிருக்கிறது? ஓனர், எனக்கு ஒன்றும் வரவில்லை என்றால்?

வெலிங்டன் அக்கா:
நல்ல கேள்வி. ரூம் லெஸ்டரில் இருக்கிறது, பணம் கோத்தகிரியில் கைமாறியதால் சட்டம் மாறாது, அப்பா உனக்காகக் கொடுத்ததும் டெபாசிட்தான். ஆனால் அது ரூமுக்காகக் கொடுத்தது என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மச்சான் அதைக் கைமாற்று என்பார். மலர், ஓனரே ‘அட்வான்ஸ் 900 பவுண்டையும் பிடித்துக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறாரே! அவர் கைப்படக் கொடுத்த ரசீது அதுதான். அழிப்பதற்குள் தேதியும் நம்பரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உன் மெயிலுக்கே அனுப்பி வை. போனில் பேசாதே, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் பேசுவதாக இருந்தால் உன் கடிதம் போன பிறகு பேசட்டும். பாதியைக் கையில் கொடுத்து ‘கணக்குத் தீர்ந்தது’ என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள், எழுதிக் கொடுக்காதே.

கொடை மழை:
மெத்தையும் அப்படித்தான் மலர். நீ போகும்போதே பழசா? பழைய மெத்தைக்குப் புது மெத்தை விலை கேட்க முடியாது, புழங்கித் தேய்ந்ததற்கும் பிடிக்க முடியாது. நீ ரூமுக்குப் போன அன்று வீட்டுக்கு வீடியோ கால் செய்தோ போட்டோ அனுப்பியோ காட்டினாயா? எல்லாப் பெண்களும் அம்மாவுக்கு அனுப்புவார்கள். அம்மா போனில் தேடு.

அரவேணு மலர்:
மூன்று தளத்திலும் தேடிவிட்டேன் அக்கா, என் பெயரிலும் அப்பா பெயரிலும். எதிலும் இல்லை. அம்மா போனில் முதல் நாள் அனுப்பிய ஆறு போட்டோ அப்படியே இருக்கின்றன, ஜன்னல் மூலையில் பூசணம் அப்போதே கறுப்பாகத் தெரிகிறது, மெத்தைக் கறையும் தெரிகிறது. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் இலைக் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். பேங்க் சலானை அதற்குள் மடித்து வைத்திருக்கிறார். பின்பக்கம் ‘மலர் ரூம் அட்வான்ஸ்’ என்று அவர் எழுத்தில் இருக்கிறது.

வெலிங்டன் அக்கா:
அந்த சலானை யாரிடமும் கொடுக்காதே, இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துக்கொள். சலானோடு அப்பாவின் பாஸ்புக்கிலும் அதே தேதி வரி இருக்கும், அந்தப் பக்கத்தையும் எடு. நாளை எனக்குக் கோத்தகிரியில் வேலை இருக்கிறது, பதினோரு மணிக்கு ஜான்ஸ்டன் சதுக்கத்துக்கு அப்பாவோடு வா, கடிதத்தை உட்கார்ந்து எழுதிவிடலாம். 14 நாள் கெடு வைத்து, தராவிட்டால் கோர்ட் என்று மரியாதையான இங்கிலீஷில் ஒரே பக்கம். மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் இங்கிருந்தே அனுப்பு, லெஸ்டர் போனதும் அதையே தபாலில் போட்டு, போட்டதற்கான சான்று வாங்கிக்கொள். கெடு முடியும்போது நீ அங்கே இருப்பாய், சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் என்று ஆலோசனை சொல்லும் தொண்டு அமைப்புகள் உண்டு, அதில் ஒன்றுக்குப் போய் விண்ணப்பத்தை ஒருமுறை காட்டிவிட்டுத் தாக்கல் செய். அவர்கள் காசு வாங்க மாட்டார்கள். சம்பளம் குறைவு என்றால் கோர்ட் கட்டணத்திலும் சலுகை கேட்கலாம், அதற்குச் சம்பள ரசீதுகள் வேண்டும், இப்போதே டவுன்லோட் செய்து வை.