தரங்கம்பாடி வீட்டுக் குழு

செல்வி: தாழ்வாரத்துக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. கம்பி வெளியே தெரிகிறது. யாருக்கும் அடி இல்லை.

வசந்தா அத்தை: ஐயோ! அங்கேதானே தேவிக்கு மணை போடுவதாக இருந்தோம். வளைகாப்புக்கு ஒன்பதே நாள்!

முருகேசன்: கொத்தனார் சரியில்லை என்று அன்றே சொன்னேன்.

கார்த்திக்: அண்ணா, மறுபடியுமா?

கோபால் சித்தப்பா: கொத்தனாரை விடு. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. வண்டிப் புகையிலிருந்து உண்டாகும் நைட்ரிக் அமில ஆவி அதில் பட்டால் குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கழன்றுவிடும். சோடியம் நைட்ரேட் மிஞ்சும்.

வசந்தா அத்தை: கோபால், பந்திக்கு எத்தனை பேர்?

கோபால் சித்தப்பா: சொல்கிறேன் அக்கா. இரவில் இன்னொன்று நடக்கிறது. அதே புகையிலிருந்து வரும் டைநைட்ரஜன் பென்டாக்சைடு என்ற வாயு உப்புத் துளியில் பட்டு நைட்ரைல் குளோரைடு என்ற இன்னொரு வாயு உண்டாகும். விடிந்து வெயில் பட்டதும் உடைந்து குளோரின் அணுவை விடும். 2006-இல் டெக்சாஸ் கடலோரத்தில்தான் நைட்ரைல் குளோரைடை முதன்முதலில் வெளிக்காற்றில் அளந்தார்கள். நான் பாடம் நடத்தியபோது இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. எத்தனை அழகான வேதியியல்!

முருகேசன்: சித்தப்பா, கம்பி?

கோபால் சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன். நம் வீடு கடலை ஒட்டியது. பெரும்பாலான உப்பு மாறுவதற்குள் வந்து படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும்.

பெரியம்மா: ஐப்பசியில் உப்பு ஜாடி நீர்த்துக் கிடக்குமே, அதுதானே?

கோபால் சித்தப்பா: அதேதான் அண்ணி! அந்த நீர் காரைக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். காரையைப் பிளந்து தள்ளும். துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் மறுபடி விழும். கலவைக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.

செல்வி: போன முறை லாரித் தண்ணீர் செலவு என்று போர் தண்ணீரிலேயே குழைத்தோம். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர்.

கார்த்திக்: யார் சொன்னது?

முருகேசன்: பணம் நான் ஒருவன் கொடுத்தேன். அதையும் சொல்லுங்கள்.

பெரியம்மா: தேவி பார்ப்பாள். போதும்.

செல்வி: தாழ்வாரத்தில் யாரும் உட்கார வேண்டாம். மணையைக் கூடத்தில் போடலாமா?

வசந்தா அத்தை: கூடம் போதாது. வாசலில் பந்தல் போடலாம்.

கார்த்திக்: மழை வந்தால்?

செல்வி: லாரித் தண்ணீருக்குச் சொல்லவா? பங்கு எப்படி?

வசந்தா அத்தை: புளி, தேங்காய், எலுமிச்சை மூன்று சாதமும் உண்டுதானே?