யூதாஸின் காலையும் கழுவினாரா?

கூழாங்கல்:
"இயேசு யூதாஸின் காலைக் கழுவினார் என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. துரோகிக்கு முன்னால் தாழ்மை காட்டச் சொல்வது நம் கற்பனை." வசனப்பிரியன் நேற்று எழுதியது இது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடைசி இரவு உணவில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தை வரிசையாக வாசியுங்கள் ஐயா. 2-ஆம் வசனத்திலேயே இயேசுவைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் சீடன் யூதாஸின் இருதயத்தில் விழுந்தாயிற்று. 4-இல் இயேசு சீலையை அரையில் கட்டுகிறார். 12-இல் கழுவி முடித்து உட்காருகிறார். யூதாஸ் எழுந்து போவது 30-இல். அதுவரை அவன் கால் எங்கே இருந்தது?

வசனப்பிரியன்:
பந்தியில் இருந்தான், சரி. கழுவினார் என்று எங்கே இருக்கிறது? பேதுருவின் பெயர் இருக்கிறது, யூதாஸின் பெயர் இல்லை. இல்லாததை ஏன் சேர்க்கிறீர்கள்?

கூழாங்கல்:
இன்னொரு சீடரான அந்திரேயாவின் பெயரும்தான் இல்லை. அவர் காலையும் விட்டுவிட்டாரா? "நீங்கள் எல்லாரும் சுத்தமுள்ளவர்கள் அல்ல" என்று 11-இல் எதற்குச் சொன்னார்? கழுவியும் சுத்தமாகாத ஒருவன் அங்கே இருந்ததால்தான்.

ஒலிவமரம்:
தாழ்மை என்றால் என்ன என்று முதலில் பேசலாமே. பிலிப்பியர் 2:3 மற்றவர்களை நம்மிலும் மேன்மையாக எண்ணச் சொல்கிறது. தப்பு செய்தவனையும் அப்படி எண்ணணுமா? அதுதானே கேள்வி?

வசனப்பிரியன்:
அதற்குப் பிறகு வருகிறேன். "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்ற புதிய கட்டளை 13:34. யூதாஸ் வெளியே போனது 13:30. கதவு சாத்தின பிறகு, மிச்சம் இருந்த பதினொரு பேருக்குச் சொன்னது அது. வரிசை உங்களுக்கு மட்டும் சொந்தமா?

கூழாங்கல்:
சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற மத்தேயு 5:44-ஐ எந்தக் கதவுக்குள் வைத்துச் சொன்னார்? யூதாஸ் தமக்கு எதிராகத் திரும்பியதை இயேசு சொல்லும் 13:18-ஐயும் பாருங்கள். "என்னுடனே அப்பம் புசிக்கிறவன் என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான்." கொஞ்சம் முன்னால்தான் அந்தக் குதிகாலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சீலையால் துடைத்திருக்கிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

செபமணி:
எங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் குதிகாலே இல்லை.

கூழாங்கல்:
கிரேக்க மூலத்தில் இருக்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பு விட்டதற்கு நான் என்ன செய்ய?

செபமணி:
தாழ்மையைப் பற்றி எழுதுகிறவர் பேசும் தொனியா இது? போன மாதமும் என்னிடம் இப்படித்தான் பேசினீர்கள். இன்றுவரை ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

வசனப்பிரியன்:
நான் ஏன் விடமாட்டேன் என்கிறேன், தெரியுமா? கணவன் அடித்து, உதட்டில் தையலோடு என் தங்கை வீட்டுக்கு வந்தாள். எங்கள் சபை ஊழியர் அவளை உட்கார வைத்து இதே அதிகாரத்தை வாசித்தார். "யூதாஸின் காலையே கழுவினாரே, நீ தாழ்ந்து போம்மா" என்றார். அவள் திரும்பிப் போனாள். மறுபடியும் அடி. இயேசுவையே அறைந்தபோது அவர் என்ன சொன்னார்? "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18:23. அதை அந்த ஊழியர் வாசிக்கவே இல்லை.

கூழாங்கல்:
அந்த ஊழியர் செய்தது பாவம். அதற்காக வசனத்தின் வரிசை மாறிவிடாது. என்னைப் பற்றிச் சபை முழுக்கப் பொய் பரப்பியவர் பக்கத்திலேயே நான் திருவிருந்துக்கு முழங்கால் போட்டேன். கை நடுங்கியது. அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது யூதாஸின் கால்தான்.

ஒலிவமரம்:
அந்தப் பெண்ணின் அடியும் உங்கள் சங்கடமும் ஒன்றா? அவர் தங்கையைப் பற்றிச் சொல்லியும் வரிசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கூழாங்கல்:
ஒன்று என்று நான் சொல்லவில்லை. யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த பிறகும் இயேசு அவனை "சிநேகிதனே" என்றுதான் அழைத்தார். மத்தேயு 26:50.

வசனப்பிரியன்:
இயேசு சொன்ன உவமையில் கல்யாண வஸ்திரம் இல்லாமல் விருந்துக்கு வந்தவனையும் "சிநேகிதனே" என்றுதான் ராஜா அழைத்தார், மத்தேயு 22:12. பிறகு கையும் காலும் கட்டி வெளியே போடச் சொன்னார். கழுவினார் என்ற வசனத்தைக் காட்டுங்கள்.

கூழாங்கல்:
12-க்கு முன்னால் அவன் எழுந்து போன வசனத்தை நீங்கள் காட்டுங்கள்.