308-க்கு எந்தப் பவுடர்? பொறுக்கிய கூடுகளை நம்பலாமா?

பருத்திக்காடு:
டெக்சாஸில் இருக்கிறேன், 308 வின்செஸ்டர் தோட்டா சுடும் போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு தடவையும் கையால் போல்டை இழுப்பது. கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டில் புதுப் பிரைமர், பவுடர், புல்லட் வைத்து நானே தோட்டா செய்வது, ஆரம்பிக்கலாம் என்று அதற்கான பிரஸ், டை எல்லாம் வாங்கியாயிற்று. 168 கிரெய்ன் எடையுள்ள புல்லட். ரேஞ்சில் பொறுக்கிய பித்தளைக் கூடுகள் ஒரு வாளி கிடக்கின்றன, பாதிக்கு மேல் அடியில் எல்.சி. என்று பொறித்தவை. அதுவே போதுமா, லாபுவா கம்பெனியின் புதுக் கூடு வாங்கத்தான் வேண்டுமா? பவுடருக்கு ஹாட்ஜ்டன் கம்பெனியின் வார்கெட் என்கிறார்கள், சிலர் உருண்டை மணியாக இருக்கும் பால் (ball) பவுடர்தான் சுலபம் என்கிறார்கள்.

பழைய போல்ட்:
பால் பவுடர் ரவை மாதிரி இறங்கும், பவுடர் அளந்து கொட்டும் மெஷரில் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு விழும், அதன் சுகமே அதுதான். வார்கெட் குச்சிப் பவுடர், அவ்வளவு சீராக விழாது, தராசில் நிறுத்தாக வேண்டும். ஆனாலும் உங்கள் ஊர் வெயிலுக்கு நான் வார்கெட்தான் சொல்வேன். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் வேகம் அதிகம் மாறாது. பல பால் பவுடர்கள் அப்படியில்லை. ஜனவரியில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் பிடித்த லோடு ஆகஸ்டில், அதுவும் தோட்டா உட்காரும் சேம்பர் சூடேறியிருந்தால், அழுத்தம் ஏறி போல்டைத் தூக்க முடியாதபடி இறுக்கிவிடும்.

கூடுபொறுக்கி:
எல்.சி. என்றால் மிசூரியில் இருக்கும் லேக் சிட்டி ராணுவ ஆலை. நல்ல பித்தளைதான், ஆனால் 308-க்கு இணையான ராணுவத் தோட்டாவான 7.62 நேட்டோ கூட்டின் சுவர் பெரும்பாலும் தடிமன், உள்ளே இடம் குறைவு. வின்செஸ்டர் கூட்டில் சரியாக இருந்த அதே பவுடர் அளவு இதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். எனவே முதல் வேலை, பொறிப்பு பார்த்துத் தனித்தனியாகப் பிரிப்பது. பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் குழியைச் சுற்றி கிரிம்ப், அதாவது பிரைமர் கழலாமல் அழுத்திவிட்ட விளிம்பு, இருக்கும், அதை எடுக்காமல் புதுப் பிரைமர் உள்ளே போகாது. மெஷின்கன்னில் சுட்டதாக இருந்தால் நன்றாக நீண்டிருக்கும், அதுதான் பயம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரோடு மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் சுவர் மெலிந்துவிட்டது, நசுக்கிக் குப்பையில் போடுங்கள். வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையமும் தெரியலாம்.

லாபுவா விலை கூடுதல்தான், ஆனால் போல்ட் ரைஃபிளில் கூடு புல்லில் பறந்து தொலையாது, பிரைமர் குழியும் சீக்கிரம் தளராது. ஒரே கூட்டைப் பல தடவை ரீலோட் செய்யலாம், அதனால் கணக்கு ஒத்துவரும்.

பருத்திக்காடு:
சரி, எல்.சி. எல்லாம் தனி டப்பாவுக்குப் போயாயிற்று. நண்பர் ஒருவர் தன் வார்கெட் அளவைத் தந்திருக்கிறார், அதையே போடலாமா?

பழைய போல்ட்:
வேண்டாம் தம்பி. அது அவர் துப்பாக்கிக்கு, அவர் கூட்டுக்கு. ஹாட்ஜ்டன் மேனுவலில் ஆரம்ப அளவு இருக்கிறது, அதிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பிரைமர் பிராண்ட் மாறினாலும் இதே கதைதான், திரும்பக் கீழிருந்து. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும். அப்புறம், கூடு கழுவும் தூசியில் ஈயம் உண்டு, கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ப்ளரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள்.