தலைவரைப் பற்றிய ஆவணப்படம் எந்த இடத்தில் பிரசாரமாகிறது?

கொட்டகலைக்காரன் (கேள்வி):
இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பற்றி 45 நிமிட ஆவணப்படம். முதல் வெட்டைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் "சங்கத்துப் படம்" என்கிறார்கள். மீதிப்பேர் "அவரைக் குறைச்சுக் காட்டுற படம்" என்கிறார்கள். படத்தொகுப்பிலேயே சாய்வைப் பிடிக்க வழி இருக்கிறதா? பணத்தில் ஒரு பங்கு தொழிற்சங்கம் ஒன்று தந்தது. சிங்களத்தில் சப்டைட்டிலும் போடவேண்டும்.

மேசைக்கத்தரி:
இரண்டு பக்கமும் கோபப்படுவதால் படம் நடுநிலை என்று எண்ணிவிடாதீர்கள் தம்பி. ஆளுக்கொரு இடத்தில் உண்மையான பிழையைக் கண்டிருக்கலாம்.

முதலில் பின்னணி இசையை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். வீணை ஒலித்தபோது பெரிதாகத் தெரிந்த காரியம், இசை போனதும் ஆதாரமில்லாத வசனமாக நிற்கும். அடுத்து ஒரு அட்டவணை. 45 நிமிடம் என்றால் 2,700 செக்கன். ஒவ்வொரு துண்டுக்கும் யாருடைய முகம், யாருடைய குரல், சொல்லப்படும் செய்தி என்ன, அதற்கு ஆதாரம் எது என்று எழுதுங்கள். முகத்துக்கும் குரலுக்கும் கட்டாயம் தனித்தனிக் கட்டம் வேண்டும். நம்முடைய படங்களில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிடக்கணக்காகத் தெரிவார்கள், வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஆண் தலைவர்களே பேசுவார்கள். கட்டம் போட்டால் அது உடனே அம்பலமாகும். விவரணைக் குரலையும் ஒரு சாட்சியாகவே எண்ணுங்கள்.

செக்கன் கணக்கு சமமாக வந்தாலும் அடுக்கு முறை ஏமாற்றும். விமர்சகர் பேசி முடித்ததும் உறவினரோ கட்சிக்காரரோ மறுப்பது என்று ஒவ்வொரு முறையும் வந்தால், கடைசி வார்த்தை எப்போதும் ஒரே பக்கத்துக்குத்தான்.

பிறகு விவரணையில் "பெற்றுக்கொடுத்தார்" என்ற சொல்லைத் தேடுங்கள். மலையக அரசியல் முழுவதும் அந்த ஒரு வினையில்தான் ஓடுகிறது. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆண், பெண் நாட்கூலி சமமானது. "பெற்றுக்கொடுத்தார்" என்றால் வேலைக்குப் போகாமல் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பட்டினி கிடந்தவர்கள் வசனத்திலிருந்தே மறைந்துபோகிறார்கள்.

பதுளைப் பக்கம்:
வினையை மாற்றினால் மட்டும் போதாது அண்ணே, காரணத்தையும் விரிக்கவேண்டும். நாடற்றவர்களாக இருந்த தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை தந்த 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால் என்னென்ன நடந்தது? 1984 இல் தலைமன்னார் கப்பல் நின்றதோடு அவர்களை இந்தியாவுக்கு அனுப்புவதும் நின்றது. 1985 இல் திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழ் இயக்கங்கள் வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று குடியுரிமை. 1986 ஜனவரியில் குடியுரிமை கேட்டுத் தொண்டமானின் பிரார்த்தனைப் போராட்டம். மூன்றையும் சொன்னால் அவருடைய பங்கு சரியான அளவில் தெரியும். ஒன்றை மட்டும் வைத்தால் சாய்வு, முழுதாக விட்டாலும் சாய்வு.

தாக்குகிற பக்கத்துச் சாய்வு பெரும்பாலும் படங்களை ஒட்டும் இடத்தில் வரும். 1978 இல் அவர் ஜே. ஆர். ஜயவர்தன அமைச்சரவையில் சேர்ந்த புகைப்படத்தை அடுத்து 1983 ஜூலையில் எரியும் கொழும்பைக் காட்டினால், குற்றச்சாட்டை வாயால் சொல்லவே தேவையில்லை. தமிழருக்கு எதிரான அந்த வன்செயல் நடந்த காலத்தில் அவர் அமைச்சராக இருந்தார் என்பது உண்மை. அதை வசனமாகச் சொல்லி, ஏன் விலகவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் வேண்டும். 1977 இல் தோட்டங்களில் நடந்த தாக்குதலுக்குக் காட்சி கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையில் எழுத்துப் போடுங்கள். 1983 காட்சியை அங்கே கொண்டுபோய் வைக்கவே கூடாது.

சட்டங்களையும் கலக்காதீர்கள். 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை பற்றியது. 1949 இன் 3 ஆம் இலக்கம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். வாக்குரிமை போனது அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தத்தால். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் முதலாவதை எதிர்த்தார், அமைச்சரான பின் இரண்டாவதை ஆதரித்தார். மூன்றையும் "பிரஜாவுரிமைச் சட்டம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒரு தலைவர் வில்லனாகவும் இன்னொருவர் தியாகியாகவும் ஆகிவிடுவார். ஒவ்வொரு வாக்களிப்பையும் ஹன்சார்டில் (நாடாளுமன்றப் பதிவேட்டில்) பார்த்த பிறகே எழுதுங்கள்.

தமிழ் வாத்தியார்:
மரியாதைச் சொல்லையும் எண்ணுங்கள். இவர் எப்போதும் "பெருந்தலைவர்", இன்னொரு தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான ஏ. அஸீஸ் வெறும் "அஸீஸ்" என்றால் தீர்ப்பு அங்கேயே முடிந்தது. முதல் தடவை முழுப்பெயரும் பதவியும், பிறகு எல்லோருக்கும் வெறும் பெயர், "ஆர்" விகுதி. சிங்களச் சப்டைட்டிலில் "மலையகத் தமிழர்" என்பது "இந்தியத் தமிழர்" ஆகிறதா என்றும் பாருங்கள். குடிசனமதிப்பீட்டுச் சொல்தான், ஆனால் பேசியவர் அதைச் சொல்லவில்லையே.

கொட்டகலைக்காரன்:
நன்றி. "பெற்றுக்கொடுத்தார்" 14 இடத்தில் இருக்கிறது. சங்கத்தின் பணத்தை எங்கே காட்டுவது, கடைசி எழுத்தோட்டத்திலா?

மேசைக்கத்தரி:
வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. தலைப்புக்கு முன்னால், தனித் திரையில், 5 செக்கன். அதற்கும் முன்னால் சங்கத்திடம் எழுத்தில் வாங்குங்கள்: இறுதி வெட்டை முடிவு செய்வது படம் எடுக்கும் நீங்கள்தான், பழைய புகைப்படங்களைத் தந்ததற்கு நிபந்தனை இல்லை, கூட்டப் பதிவுகளை வெட்டாமல் முழுதாகத் தரவேண்டும். கையொப்பம் கிடைக்கும்வரை அவர்கள் தந்த எதையும் வெட்டில் சேர்க்காதீர்கள். சேர்த்த பிறகு எடுப்பது பெரும்பாடு.