அடைப்புக்குறிகளை எடுக்கத் தெரிந்தவர்

பன்னாட்டு அமைப்புகளில் பணியாற்றிய தூதர்களோடு பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஜெனீவாவில் ஒரு பேச்சுவார்த்தையில் குறிப்பெடுப்பது என் வேலை. எல்லாரும் ஒத்துக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். முதல் நாள் எங்கள் வரைவில் அடைப்புக்குறி இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழுத் தலைவர் முப்பது வருடம் தூதரகப் பணியில் இருந்தவர். இடைவேளை விட்டதும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் உரியவரைத் தேடிப் போவார். "இந்தச் சொல் இப்படியே நின்றால் நீங்கள் திரும்பிப் போனதும் உங்கள் அமைச்சகத்தில் என்ன கேட்பார்கள்?" என்பார். எதிராளி தன் சிக்கலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடுத்த அமர்வில் அந்த அடைப்புக்குறி இருக்காது.

என் மனதில் நிற்பது வேறொன்று. ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து ஒரே ஒரு பெண் பிரதிநிதி வந்திருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் கூட்டம். பெரிய நாடுகள் அறைக்கு நாலு பேரை அனுப்பும். அவர் ஒருவரே ஓடி ஓடிப் பார்க்க வேண்டும். அவர் மற்ற அறையில் இருந்தபோது, அவர் நாட்டுக்கு உயிரான பத்தி இங்கே பேச்சுக்கு வந்து போய்விட்டது. தலைவர் அதைக் கவனித்தார். அன்று இரவு இரண்டு அறைகளின் நிரலையும் என்னிடம் கேட்டு வாங்கினார். மறுநாள் அந்தப் பெண் எங்கள் அறையில் இருந்த நேரத்தில் அந்தப் பத்தி மறுபடி வந்தது. யாரிடமும் எதுவும் அறிவிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கே தெரியுமோ என்னவோ!

அப்புறம் மாலை ஆறு மணி விஷயம். உரைபெயர்ப்போடு நடக்கும் அமர்வு மூன்று மணி நேரம்தான். ஆறு அடித்தால் உரைபெயர்ப்பாளர்கள் கிளம்பிவிடுவார்கள், அதற்குமேல் பேச்சு ஆங்கிலத்தில் ஓடும். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் பொரிந்து தள்ளியவர்கள் மெல்ல அடங்கிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் கடினமான பத்திகளையெல்லாம் அவர் ஆறுக்குள் எடுத்துவிடுவார்.

இரவில் பிரெஞ்சு வரைவையும் ஆங்கில வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். ஏன் என்று கேட்டேன். 1967இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தைக் காட்டினார். இஸ்ரேல் படைகள் விலக வேண்டிய இடத்தை ஆங்கில வாசகம் 'பகுதிகள்' என்று பொதுவாகச் சொல்கிறது. பிரெஞ்சு வாசகத்தை 'அந்தப் பகுதிகள்' என்றும் படிக்க இடமிருக்கிறது. அந்த ஒரு சின்னச் சொல்லை வைத்து இன்றுவரை வழக்காடுகிறார்கள்.

*

ஆறு மணி விஷயத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு.

எங்கள் பிரிவுக்கு மேலாளராக வந்தவர் அதற்குமுன் தன் நாட்டின் தூதராக இருந்தவர். ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவுப்படி, செயலகத்தில் சேர்ந்தவர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தன் சொந்த நாடும் அதில் அடக்கம். படிக்கும்போது இது எளிதாகத் தெரியும். ஒருநாள் நடைபாதையில் அவருடைய பழைய சகா ஒருவர், இன்னும் வெளியிடாத அறிக்கையை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று தோளில் கைபோட்டுக் கேட்டார். இருபது வருட நட்பு. இவர், "எல்லாருக்கும் கிடைக்கும் அன்று உங்களுக்கும் கிடைக்கும்" என்று சொன்னார். சகா கையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு விருந்துகளில் அவர்கள் பேசி நான் பார்க்கவில்லை. அவர் இழந்தது பெரிது என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் அந்த அறிக்கையை மற்ற நாடுகள் நம்பியதற்கு அதுதான் காரணம்.

*

வேலையில் சேருவது எப்படி என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: ஐ.நா. நடத்தும் இளம் வல்லுநர் தேர்வு ஒரு வழி. வயது 32க்கு மேல் போகக் கூடாது, பட்டப்படிப்பு வேண்டும், ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வர வேண்டும். பங்கேற்கும் நாடுகளின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை முதலில் பாருங்கள்.

பொறுமையும் வேண்டும். கடல்களுக்கான பொது விதிகளை வகுக்க ஐ.நா. கூட்டிய கடல் சட்ட மாநாடு 1973இல் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய இலங்கையின் ஹாமில்டன் அமரசிங்க 1980இல் இறந்துபோனார். சிங்கப்பூரின் டாமி கோ அதைத் தொடர்ந்து நடத்தி முடித்தார். அதில் உருவான ஒப்பந்தத்தில் 1982 டிசம்பரில் ஜமைக்காவில் நாடுகள் கையெழுத்திட்டன. நடைமுறைக்கு வர 1994 ஆயிற்று.

*

சரி, என்னுடையது சின்னது. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் இருந்த கனால் ஹோட்டலில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ. 1969இல் அகதிகள் அமைப்பில் சேர்ந்தவர், கிழக்குத் திமோர் விடுதலை பெறும்வரை அங்கே இடைக்கால நிர்வாகத்தை நடத்தியவர். என் முதல் மேலதிகாரி அந்தத் திமோர் நாட்களில் அங்கே வேலை பார்த்தவர். பாக்தாத்தில் இறந்தவர்களில் அவருடைய தோழி ஒருவரும் உண்டு.

அவரோடு ஆறு வருடம் இருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஆகஸ்ட் 19 மட்டும் தொலைபேசியை எடுக்க மாட்டார், கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன ஆகஸ்டில் அந்தத் தேதி என்று நினைவில்லாமல் அழைத்துவிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவரே அழைத்து, "நேற்று கூப்பிட்டாயே, சொல்" என்றார்.